ஹெரால்டின் பின்னச்சும் தாம்பரத்துச் சாலைகளும்

தாம்பரத்தைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் வண்டலூர் நோக்கிப் பிரயாணம் செய்கிறவர்கள், பெருங்களத்தூரில் இன்று கணினிக் கம்பெனிகளும் அடுக்குமாடி வீடுகளும் எழுந்து நிற்கிற விஸ்தாரமான நிலப்பரப்பு ஒன்றைக் கடந்துதான் போகிறார்கள் என்றாலும், நாடு சுதந்திரம் பெற்ற மறு ஆண்டில், அதாவது 1948-ல், ஆரம்பிக்கப்பட்ட ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆப் இந்தியா என்ற நிறுவனம் அந்த நிலத்தில்தான் கார்களை உற்பத்தி செய்து தேசமெங்கும் அனுப்பியது என்ற விவரம் அவர்களில் இளையவர்கள் பலருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. பம்பாயில் பிரீமியர், கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், சென்னையின் தென்கோடியில் ஸ்டாண்டர்டு என்று விரல்விட்டு எண்ணக்கூடிய கம்பெனிகளே நமக்குக் கார் செய்து கொடுத்த அந்தக் காலத்தில், இங்கிலாந்தின் டிரையம்ப் கம்பெனி 1959-ல் வெளியிட்ட, இத்தாலிய வடிவமைப்பாளரான மிச்செலோட்டி உருவம் வகுத்த ஹெரால்டு என்னும் சிறு கார், 1961 முதல் ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்ற பெயரில் நம் வண்டலூர்ப் பக்கத்திலிருந்து புறப்பட்டது. பின்னர் 1970-களில் கெஸல் வந்தது. 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 வந்தது. 1988-ல் கார் உற்பத்தி நின்றது. தொழிற்சாலை போய்விட்டது, ஆனால் அதில் பிறந்த ஹெரால்டுகள் சில, சேலையூரிலும் குரோம்பேட்டையிலும் மடிப்பாக்கத்திலும் வீட்டு முகப்பில் உறை போர்த்தி நிற்கின்றன. தகப்பனார் ஓட்டிய வண்டியை மகனோ பேரனோ தூசி தட்டி எடுத்து, எஞ்சினைப் பிரித்துக் கோத்து, மறுபடியும் சாலையில் விடும் ஆர்வம் இப்போது வளர்ந்து வருவதைக் காண எனக்கு மெய்யாகவே சந்தோஷமாயிருக்கிறது.

இந்த இளைஞர்களில் சிலருக்கு இன்னோர் ஆசையும் உண்டு. வாரநாட்களில் அலுவலகத்துக்கோ கடைத்தெருவுக்கோ ஓட்டும் அதே வண்டியை, வாய்ப்பு கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமையில் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்துக்கு எடுத்துச் சென்று, நின்ற நிலையிலிருந்து நேர்கோட்டில் பாய்ந்து நேரம் பார்க்கும் ‘டிராக்’ பந்தயத்தில் நிறுத்த வேண்டும் என்பது அது. அப்படி விரும்புகிறவர் முதலில் கேட்கும் கேள்வி, எந்த சஸ்பென்ஷனைப் போடலாம் என்பதுதான். என் அபிப்பிராயத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்: தெருவுக்கும் பந்தயத்துக்கும் ஒரே வண்டி என்றால், சஸ்பென்ஷனைத் தெருவை உத்தேசித்தே தேர்ந்தெடுக்க வேண்டும், பந்தயத்துக்கு வேண்டிய சொற்ப அநுகூலங்களை, பந்தயம் முடிந்த அன்றே பழையபடி திருப்பி வைத்துவிடக்கூடிய சிறு மாற்றங்களால் மட்டுமே பெற வேண்டும். இது பயந்தவன் சொல்லும் யோசனையன்று. ஹெரால்டைப் போன்ற வண்டியின் யந்திர அமைப்பை ஆராய்ந்து பார்த்தால், பந்தயத் தளத்திலேயே கூட இதுதான் சரியான வழி என்பது புலப்படும்.

டிராக் பந்தயம் என்பது கால் மைல் தூரத்து விவகாரம். மெட்ரிக் கணக்கில் 402 மீட்டர். அமெரிக்காவில் 1951-ல் வாலி பார்க்ஸ் என்பவர் தேசிய ஹாட் ராட் சங்கத்தை நிறுவி, தெருக்களில் கண்மூடித்தனமாக நடந்துவந்த ஓட்டங்களை மூடிய தளங்களுக்குக் கொண்டுவந்த பிறகு, அதற்கு ஒழுங்கும் விதிகளும் ஏற்பட்டன. நம் பக்கத்தில் மோட்டார் பந்தயத்துக்கு அதற்குச் சற்றும் குறையாத பரம்பரை உண்டு. 1953-ல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இரண்டாம் உலகப் போரின்போது போடப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்ட சோழவரம் விமான ஓடுதளத்தில் பல்லாண்டுகள் பந்தயம் நடத்தி, லட்சக்கணக்கான ஜனங்களுக்கு அந்தக் காட்சியைப் பழக்கப்படுத்தியது. 1990 வாக்கில் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் சுற்றளவுள்ள சொந்தத் தளத்தையும் அமைத்துக்கொண்டது. அந்தத் தளத்தின் நேர்ப்பகுதியில் தேசிய அளவிலான டிராக் போட்டிகளும் நடந்திருக்கின்றன. தாம்பரத்துக்காரருக்கு அது தூரதேசமும் அல்ல. முடிச்சூர், மணிமங்கலம் வழியாகப் போனால் காலைப் பலகாரத்துக்குப் பிறகு புறப்பட்டு வெயில் ஏறுவதற்குள் சேர்ந்துவிடலாம். இந்தப் பிரயாணத்தைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். பந்தய வண்டியை லாரியில் ஏற்றிப் போகிறவரைப் பற்றி நான் பேசவில்லை. தன் வண்டியைத் தானே ஓட்டிப் போய், பந்தயத்தில் நிறுத்தி, மாலையில் அதிலேயே வீடு திரும்ப வேண்டியவரைப் பற்றித்தான் பேசுகிறேன்.

வண்டி நின்ற இடத்திலிருந்து வேகமாகப் புறப்படும்போது அதன் முகம் சற்று நிமிர்வதையும் பின்புறம் அமர்வதையும் யாவரும் பார்த்திருக்கிறோம். முன் சக்கரங்களின்மேல் இருந்த பாரத்தில் ஒரு பகுதி பின் சக்கரங்களுக்கு மாறுவதே இதன் காரணம். பின் சக்கரத்தால் இயங்கும் வண்டிக்கு அந்தப் பாரமே தரையைப் பற்றும் சக்தியைக் கொடுக்கிறது. ஆகவே முன்புறத்தை எவ்வளவு மிருதுவாக்குகிறோமோ அவ்வளவு பாரம் பின்னே போகும் என்ற நம்பிக்கை பந்தய ரசிகர்களிடையே வேரூன்றியிருக்கிறது. அது பெரும்பாலும் தவறான நம்பிக்கை. மாறும் பாரத்தின் அளவை நிர்ணயிப்பவை வண்டியின் எடை, அது வேகம் கூட்டும் விகிதம், அதன் புவியீர்ப்பு மையத்தின் உயரம், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலுள்ள தூரம் ஆகிய நான்கே. ஸ்பிரிங்கின் மிருதுத்தன்மை அந்தப் பாரம் எவ்வளவு நேரத்தில், எவ்வளவு ஆட்டத்தோடு போய்ச் சேர்கிறது என்பதை மாற்றுமேயன்றி, எவ்வளவு போய்ச் சேர்கிறது என்பதை அதிகமாக மாற்றுவதில்லை. ஓட்டுபவரோடு சேர்த்து ஹெரால்டின் எடையை 900 கிலோ என்றும், மையத்தின் உயரத்தை அரை மீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். அச்சுகளுக்கிடையே தூரம் 2.32 மீட்டர், 948 சி.சி. எஞ்சின் முதல் கியரில் புவியீர்ப்பின் பத்தில் மூன்று பங்கு விகிதத்தில் வேகத்தைக் கூட்டுகிறது என்று தாராளமாகவே மதிப்பிட்டாலும், பின்னே மாறும் பாரம் 60 கிலோவுக்குள்ளேதான் அடங்கும். பின் ஆசனத்தில் ஓர் ஆள் ஏறி உட்கார்ந்ததற்குச் சமமான இந்த மாற்றத்துக்காக முன் சஸ்பென்ஷன் முழுவதையும் குலைத்துப் போடுவது, அடைகிற பலனோடு எந்த விகிதத்திலும் பொருந்தாத காரியம்.

வெளிநாட்டிலிருந்து வரும் சாமான்களைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். எட்டு சிலிண்டர் எஞ்சினும் ஒன்றரை டன் எடையும் கொண்ட அமெரிக்க வண்டிகளுக்கென்று செய்யப்பட்ட ஒரு வகை ஷாக் அப்சார்பர் உண்டு. அது நீளும்போது அதிகத் தடை காட்டாது, சுருங்கும்போது மட்டும் முழு பலத்தோடு எதிர்த்து நிற்கும். தடையில் பத்தில் ஒன்பது பங்கு ஒரு திசைக்கும் ஒரு பங்கு மறு திசைக்குமாகப் பிரிக்கப்பட்டிருப்பதால் அதைத் தொண்ணூறு-பத்து என்று குறிப்பிடுவார்கள். பந்தயத் தளத்தில் வண்டியின் முகம் சட்டென்று நிமிரவும், நிமிர்ந்தபடியே சில விநாடிகள் நிற்கவும் அது உதவும் என்பது உண்மைதான். அதே சாமானை மாட்டிக்கொண்டு வேளச்சேரி - தாம்பரம் சாலையில் மேடவாக்கத்துக்கும் கேம்ப் ரோடு சந்திப்புக்கும் இடையே ஒரு தடவை போய் வந்தால் அதன் சுபாவம் விளங்கிவிடும். ஒவ்வொரு பள்ளத்திலும் சக்கரம் தடையின்றிக் கீழே இறங்குகிறது. மேலே வர முயலும்போது ஷாக் அதைத் தடுத்து, அந்த அதிர்ச்சியை அப்படியே வண்டியின் உடலுக்குக் கொடுக்கிறது. தொடர்ந்து நாலைந்து பள்ளங்கள் வந்தால் முன்புறம் படிப்படியாக மேலேறி நின்றுவிடுகிறது. அந்தத் தருணத்தில் ஒரு குழந்தை குறுக்கே ஓடினால், பிரேக்கை மிதிக்கிறவருக்கு முன் சக்கரங்கள் தரையை எப்படிப் பற்றும் என்பதை யாரால் உத்தரவாதம் செய்ய முடியும்?

அம்பாசடரும் கான்டெசாவும் வைத்திருப்பவர்களின் சங்கடம் வேறு ரகமானது. அதைச் சுருக்கமாகச் சொல்லலாம். அம்பாசடரின் பின்னச்சு ஒரே உறுதியான உருளை. அதை இரண்டு லீஃப் ஸ்பிரிங்குகளே தாங்குகின்றன, அவையே வண்டியை முன்னே தள்ளவும் செய்கின்றன. கிளட்சைச் சட்டென்று விட்டால் அச்சு தன்னைத்தானே முறுக்கிக்கொள்ள முயன்று, ஸ்பிரிங் பட்டைகள் வளைந்து, மறுகணம் விடுபட்டு, பின் சக்கரங்கள் தரையில் தத்தத் தொடங்கும். ஸ்பிரிங்கின் முன்பாதிப் பட்டைகளை நன்றாகக் கவ்விப் பிடிக்கும்படி கிளாம்புகளை இறுக்குவதும், தேய்ந்த புஷ்களை மாற்றுவதும் இதற்குப் பெரும்பாலும் போதுமானவை. கான்டெசாவின் பின்னச்சுக்குச் சுருள் ஸ்பிரிங்குகளும் அச்சைத் தாங்கிப் பிடிக்கும் தனிக் கைகளும் உண்டாதலால் அந்தத் தொல்லை குறைவு. அந்தக் கைகளின் ரப்பர் புஷ்கள் நல்ல நிலையில் இருந்தால் வேறொன்றும் வேண்டியதில்லை.

ஹெரால்டின் விஷயம் அப்படியல்ல. அதனால்தான் அதைப் பற்றி விஸ்தாரமாக எழுத விரும்புகிறேன். அதன் டிஃபரன்ஷியல், அச்சோடு சேர்ந்து ஆடாமல், சேஸிஸில் போல்ட்டுப் போட்டு நிறுத்தப்பட்டிருக்கிறது. அதன் இரு பக்கத்திலிருந்தும் இரண்டு அரைத் தண்டுகள், ஒரு பறவை இறக்கைகளை ஏற்றி இறக்குவதைப்போல, உள்முனையில் மட்டும் கீல் கொண்டு மேலும் கீழும் ஆடுகின்றன. டிஃபரன்ஷியலின் தலைமேல் வண்டியின் குறுக்காகப் படுத்திருக்கும் ஒரே லீஃப் ஸ்பிரிங் இரண்டு சக்கரங்களையும் தாங்குகிறது. வண்டியை முன்னே தள்ளும் விசையைத் தனிக் கம்பிகள் சேஸிஸுக்குக் கொண்டுசெல்கின்றன. ஸ்விங் ஆக்ஸில் என்று பெயர் பெற்ற இந்த அமைப்பில், அம்பாசடரைப் போல ஸ்பிரிங் முறுக்கிக்கொள்ளும் பிரச்சினைக்கே இடமில்லை. ஆகவே புறப்படும் அந்த முதல் விநாடியில் ஹெரால்டு தன் விலைக்கு மீறிய ஒழுங்கோடு நடந்துகொள்கிறது. ஆனால் இதற்கு ஒரு பாதகமும் உண்டு. அரைத் தண்டின் ஆடும் நீளம் சுமார் அரை மீட்டர்தான் என்பதால், வண்டியின் பின்புறம் ஒவ்வொரு 10 மில்லிமீட்டர் இறங்கும்போதும் அல்லது ஏறும்போதும் சக்கரத்தின் சாய்வு ஒரு டிகிரிக்குச் சற்று அதிகமாகவே மாறிவிடுகிறது. பின்புறம் அமர்ந்தால் சக்கரங்களின் மேல்முனைகள் உள்நோக்கிச் சாய்ந்து, டயரின் உள்விளிம்பு மட்டுமே தரையைத் தொடுகிறது. பின்புறம் எழும்பினால் அவை வெளிநோக்கிச் சாய்கின்றன.

டிராக் பந்தயத்துக்கு வழக்கமாகச் சொல்லப்படும் உபதேசம் பின்புறத்தை மிருதுவாக்கி நன்றாக அமரவிடு என்பது. ஹெரால்டில் அப்படிச் செய்தால், அதிகப் பிடிப்பு வேண்டிய அதே கணத்தில் டயரின் அகலத்தில் பாதி வீணாகிப்போகிறது. ஆகவே இந்த வண்டிக்குப் பின்புறம் சற்று நிதானமாக, கட்டுப்பாட்டோடு அமர வேண்டும்.

இதைவிட கனமான விஷயம் பந்தயக் கோட்டைத் தாண்டிய பிறகு வருகிறது. புறப்படும்போது பின்னே மாறும் பாரம் 60 கிலோ என்று கணக்கிட்டோம். கோட்டைத் தாண்டியதும் முழு பிரேக்கை மிதித்தால், வேகம் குறையும் விகிதம் புறப்பட்டபோது கூடிய விகிதத்தைப்போல் இரு மடங்காக இருக்கக்கூடும். அப்போது அதே கணக்குப்படி நூறு கிலோவுக்கு மேற்பட்ட பாரம் பின்னிருந்து முன்னே ஓடுகிறது. பின்புறம் எழும்புகிறது, சக்கரங்கள் வெளிநோக்கிச் சாய்ந்து, வண்டியின் அடியில் மடங்கப் பார்க்கின்றன, அந்த நேரத்தில் ஸ்டியரிங்கைச் சற்றே திருப்பினாலும் வெளிப்பக்கத்துப் பின் சக்கரம் உள்ளே மடங்கி, வண்டி தன்னைத்தானே தூக்கிக்கொண்டு வழுக்கிவிடலாம். ஹெரால்டுக்கு ஆபத்து பச்சை விளக்கு எரியும்போது அல்ல, ஓட்டம் முடிந்து ஓட்டுபவர் மூச்சு விடும்போதுதான் காத்திருக்கிறது. வெற்றி தோல்வியைப் பற்றி நினைக்கிற மனம் இந்த இடத்தில்தான் அஜாக்கிரதையாக இருக்கிறது.

இந்தக் குறை ஹெரால்டுக்கு மாத்திரம் உரியதன்று. அமெரிக்காவில் ஷெவர்லே கம்பெனி 1960-ஆம் ஆண்டு மாடலாக வெளியிட்ட கார்வேர் என்ற காரில் இதே வகை ஆக்ஸில் இருந்தது. 1965-ல் ரால்ஃப் நேடர் எழுதி உலகப் பிரசித்தி பெற்ற நூல் அந்தக் காரின் பின்னச்சை முதல் அத்தியாயத்திலேயே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது. அதற்குள்ளாகவே அந்தக் கம்பெனி 1964-ல் குறுக்கே ஒரு ஸ்பிரிங்கைச் சேர்த்து, அடுத்த ஆண்டு அமைப்பையே மாற்றிவிட்டது. டிரையம்ப் கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. ஹெரால்டின் சேஸிஸிலிருந்து பிறந்த வைட்டெஸ், ஜி.டி. 6 ஆகிய வண்டிகளுக்கு 1968-ல் கீழ்க்கைகளோடு கூடிய புதிய பின்னமைப்பைக் கொடுத்தது. ஸ்பிட்ஃபயர் என்னும் சிறு ஸ்போர்ட்ஸ் காருக்கு 1970-ல் இன்னும் எளிய ஓர் உபாயத்தைக் கண்டுபிடித்தது. குறுக்கு ஸ்பிரிங்கின் பட்டைகளில் பெரும்பாலானவற்றை நடுவில் கீல் போல் ஆடும்படி விட்டு, ஒன்றை மட்டும் இறுக்கிப் பிடித்ததால், வண்டி பக்கவாட்டில் சாயும்போது பின்புறத்து எதிர்ப்பு குறைந்து, சக்கரம் மடங்கும் ஆபத்து பெருமளவு நீங்கியது. நம் வண்டலூரில் எடுத்த முடிவோ வேறு: கெஸலில் ஸ்விங் ஆக்ஸிலையே விட்டொழித்து, உறுதியான பின்னச்சைப் போட்டார்கள். நம் நாட்டு ஓட்டுநர்களும் மெக்கானிக்குகளும் அந்த ஆடும் தண்டுகளை நம்பவில்லை என்பதே அதற்குக் காரணமாகச் சொல்லப்படுவது. மேடு பள்ளம் நிறைந்த சாலையும், அளவுக்கு மீறிய ஆள்பாரமும் உள்ள நாட்டில் அது நியாயமான முடிவு என்றே எனக்குத் தோன்றுகிறது.

இனி, நம் பட்டறைகளில் வழங்கிவரும் ஒரு பழக்கத்தைக் கண்டித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. வண்டி தாழ்ந்து வேகத்தடையில் இடிக்கிறது என்று கொண்டுபோனால், ஸ்பிரிங்கில் ஒரு பட்டையைக் கூடச் சேர்த்து உயர்த்திக் கொடுத்துவிடுகிறார்கள். அம்பாசடருக்கு அது பெரிய தீங்கு செய்யாது. ஹெரால்டிலோ பின்புறத்தை உயர்த்துவது என்றால் சக்கரங்களை நிரந்தரமாக வெளிச்சாய்வில் நிறுத்துவது என்று அர்த்தம். பிரேக் போடும்போது ஏற்படும் அந்த ஆபத்தான நிலைக்குப் பாதி வழியில் வண்டியை முன்கூட்டியே கொண்டுபோய் வைப்பது என்று அர்த்தம். இதற்கு நேர் எதிரான பழக்கம் இளைஞர்களிடம் இருக்கிறது: முன்புறச் சுருள் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டி எடுத்து வண்டியைத் தாழ்த்துவது. வெட்டிய ஸ்பிரிங் கடினமாகிறது, அதன் ஆடும் இடமும் குறைகிறது. பள்ளத்தில் இறங்கினால் சஸ்பென்ஷன் ரப்பர்த் தடையில் மோதி நின்று, ஸ்பிரிங்கே இல்லாத வண்டியாகிவிடுகிறது. நெருப்பில் காய்ச்சித் தாழ்த்துகிறவர்களும் உண்டு. அது எஃகின் பதத்தையே கெடுத்துவிடும். ஹெரால்டில் இந்த மூன்றையும் எந்த நல்ல மெக்கானிக்கும் செய்ய மறுக்க வேண்டும்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? முதலில் அரைத் தண்டுகளைக் கழற்றி, விரிசல் இருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும். இந்த வண்டியில் பின் சக்கரத்தைத் தாங்கி நிற்பதே அந்தத் தண்டுதான். கிளட்சை அடித்து விடும் அதிர்ச்சியில் அது வெளிமுனையில் முறிந்தால் சக்கரமே வண்டியை விட்டுப் போய்விடும். அறுபது வயதான இரும்பு என்பதை மறந்துவிட்டுப் பந்தயத்தில் இறங்குவது பேதைமை. அடுத்தது, முன் சக்கரத்தின் செங்குத்துத் தண்டு கீழ்முனையில் திருகுப் புரிகளோடு பொருந்தியிருக்கும் டிரன்னியன் என்னும் பாகம். அதற்குக் கியர் ஆயில் விட வேண்டும். நம் பட்டறைகளில் கிரீஸ் கன்னைக் கண்ட இடத்திலெல்லாம் பிரயோகிக்கும் வழக்கத்தால் அதிலும் கிரீஸை அடைத்துவிடுகிறார்கள். கிரீஸ் புரிகளின் அடிவரை போய்ச் சேராமல், மழைநீர் தங்கி, துருப்பிடித்து, ஒரு நாள் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது தண்டு முறிகிறது. எத்தனை விலையுயர்ந்த ஷாக் வாங்கினாலும் இந்த ஒரு கரண்டி எண்ணெய்க்கு அது ஈடாகாது. ஹெரால்டின் முகப்பு முழுவதும், மட்கார்டுகளோடு சேர்ந்து, முன்னோக்கித் திறந்துகொள்கிறபடியால், டயரின்மேல் உட்கார்ந்தபடியே இந்த வேலைகளைச் செய்துகொள்ளும் சௌகரியம் வேறெந்தக் காரிலும் அவ்வளவு எளிதில் கிடைக்காது.

புஷ்களைப் பொறுத்தவரை, நல்ல ரப்பரே போதும் என்பது என் கருத்து. பாலியூரித்தேன் புஷ் இறுக்கமாக நிற்கும். ஆனால் சாலையின் அதிர்ச்சியை அது விழுங்காமல் சேஸிஸுக்கு அனுப்பிவிடும். பள்ளிக்கரணை சதுப்பின் ஈரக்காற்றும் அதற்கப்பாலுள்ள கடலின் உப்பும் பல்லாண்டுகள் தின்ற ஹெரால்டு சேஸிஸின் பக்கக் கிளைகள் அந்த அதிர்ச்சியைத் தாங்கும் என்று எதிர்பார்ப்பது அதிகம். பணம் செலவழிக்க வேண்டிய இடம் பின்புறத்து ஷாக்குகள்தான்: வெளியிலிருந்து திருகித் தடையைக் கூட்டவும் குறைக்கவும் கூடிய நல்ல ஜோடி ஒன்று, தெருவுக்கு ஒரு நிலையிலும் பந்தயத்துக்கு ஒன்றிரண்டு படி இறுக்கமான நிலையிலும் வைத்துக்கொள்ள உதவும். தொய்ந்த குறுக்கு ஸ்பிரிங்கை, ஓட்டுபவர் உட்கார்ந்த நிலையில் சக்கரங்கள் ஒன்று முதல் இரண்டு டிகிரி உட்சாய்வில் நிற்கும்படி வளைத்துச் சரிசெய்ய வேண்டும். கிடைக்குமானால் ஸ்பிட்ஃபயரின் அந்த ஆடும் ஸ்பிரிங்கைப் பொருத்தி, அதற்கேற்ப முன்புறத்து ஆன்டி-ரோல் பாரைச் சற்றுத் தடித்ததாக மாற்றுவது உத்தமம். பின்புறத்தில் ஆன்டி-ரோல் பார் சேர்ப்பது மட்டும் கூடவே கூடாது. சக்கரம் மடங்கும் சுபாவத்தை அது அதிகரிக்கும். பந்தய நாளில் செய்ய வேண்டிய மற்றக் காரியம், நல்ல டயர்களின் காற்றழுத்தத்தைப் பின்புறத்தில் சிறிது சிறிதாக மாற்றி, முதல் 18 மீட்டரைக் கடக்கும் நேரத்தைக் குறித்துக்கொள்வது. சஸ்பென்ஷனின் நன்மை தீமையை அந்த 18 மீட்டர் நேரமே சொல்லும். மீதித் தூரம் எஞ்சினுடைய கதை.

நம் சாலைகளை உத்தேசித்து என்று சொன்னதற்கு விளக்கம் வேண்டும். இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவுப்படி ஒரு வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் உடையதாய், 25 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவரை நோகாமல் இறக்கிவிடும் வளைவோடு இருக்க வேண்டும். தாம்பரம், பல்லாவரம், செம்பாக்கம், பெருங்களத்தூர் முதலியவற்றை ஒன்றாகச் சேர்த்து 2021-ல் மாநகராட்சி ஆக்கினார்கள்; அதன் உட்தெருக்களில் ஒவ்வொரு குடியிருப்பாரும் தம் வீட்டெதிரே எழுப்பிக்கொண்ட தடைகளில் அந்த வளைவைக் காண்பது அரிது. பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டி மூடிய பள்ளங்கள், வடகிழக்குப் பருவமழை கரைத்துவிட்ட ஓரங்கள், 2015 டிசம்பர் வெள்ளத்தில் முழுகிய முடிச்சூரில் ஒவ்வொரு மழைக்கும் தேங்கும் நீர் ஆகிய இவற்றுக்கிடையே வாழும் வண்டிக்குச் சக்கரம் ஏறி இறங்கத் தாராளமான இடமும், மிருதுவான ஸ்பிரிங்கும், அந்த ஆட்டத்தை ஒரே அசைவில் அடக்கும் ஷாக்கும் இன்றியமையாதவை. வருஷத்தில் சில நிமிஷங்களே நீடிக்கும் பந்தயத்துக்காக இவற்றைத் தியாகம் செய்கிறவர், மற்ற நாட்களிலெல்லாம் தம்மையும் தம் பக்கத்தில் ஸ்கூட்டரில் போகிறவரையும் ஆபத்துக்கு உள்ளாக்குகிறார்.

சட்டமும் இதே திசையில்தான் நிற்கிறது. உற்பத்தியாளர் வகுத்த அமைப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியிருக்கிறது. ஐம்பது ஆண்டைக் கடந்த வண்டிகளுக்கு மத்திய அரசு 2021-ல் தனிப் பதிவு முறையை ஏற்படுத்தி, எண்ணில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளைச் சேர்க்க வகை செய்தது. சேஸிஸையும் உடலையும் எஞ்சினையும் மாற்றாமல் வைத்திருக்கும் வண்டிக்கே அந்த மரியாதை, அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் சாலையில் ஓட்டவும் கூடாது. ஆகவே அன்றாடம் ஓட்ட விரும்புகிறவர் சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொண்டு போனாலும், சேஸிஸில் வெல்டிங் வைக்காமல், போல்ட்டைக் கழற்றினால் பழைய நிலைக்குத் திரும்பக்கூடிய மாற்றங்களோடு நிறுத்திக்கொள்வது பிற்காலத்துக்கும் நல்லது. பொதுச் சாலையில் பந்தயம் ஓடுவதை 189-ஆம் பிரிவு சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை நீளும் வெளிவட்டச் சாலையின் அகலத்தையும் இரவின் வெறுமையையும் கண்டு மயங்கி அங்கே ஓட்டம் பழகுகிறவர்களுக்காக நான் ஒரு வார்த்தையும் பரிந்து பேச மாட்டேன்.

ஆனால் அவர்களுக்கு வேறு இடம் காட்ட வேண்டிய பொறுப்பு நமக்கு உண்டு. அமெரிக்கத் தளங்களில் ஒரு முறை இருக்கிறது: ஒவ்வொருவரும் தம் வண்டி எத்தனை விநாடியில் ஓடும் என்று முன்கூட்டியே அறிவிக்கிறார்; மெதுவான வண்டி அந்த வித்தியாசத்துக்குத் தக்கபடி முன்னதாகப் புறப்படுகிறது; அறிவித்த நேரத்தைவிட விரைவாக ஓடினவர் தோற்றவராகிறார். விளக்கைக் கண்டதும் தாமதமின்றிப் புறப்பட்டு, தாம் சொன்ன நேரத்துக்கு மிக நெருக்கமாக ஓடுகிறவருக்கே ஜெயம். 35 குதிரைத்திறன் கொண்ட ஹெரால்டு இந்த முறையில் எந்த நவீன வண்டியோடும் சமமாக நிற்கும். அதற்கு வேண்டியது முரட்டுச் சாமான்கள் அல்ல, ஒவ்வொரு ஓட்டத்திலும் மாறாமல் ஒரே விதமாக நடந்துகொள்ளும் சஸ்பென்ஷன். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், பழைய வண்டிகளுக்கென்று இந்த விதிப்படி ஒரு வகுப்பை வருஷத்துக்கு ஒரு முறையேனும் இருங்காட்டுக்கோட்டையில் நடத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சி. ராஜம் அவர்களின் தர்மத்தால் 1949-ல் குரோம்பேட்டையில் தோன்றிய மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆப் டெக்னாலஜி, ஆரம்பத்திலேயே ஆட்டோமொபைல் எஞ்சினீயரிங்கைப் பாடமாக வைத்த ஸ்தாபனம்; அதன் மாணவர்கள் சில மைல் தூரத்திலேயே உருவான ஹெரால்டின் ஸ்பிரிங் பலத்தையும் சக்கரச் சாய்வையும் அளந்து, அரைத் தண்டுகளை விரிசல் பரிசோதனை செய்து, அந்த அளவுகளைத் தமிழில் ஒரு சிறு கையேடாக வெளியிட்டால், பெருங்களத்தூரிலும் சேலையூரிலும் உள்ள எந்தப் பட்டறைக்காரரும் அதைச் சுவரில் மாட்டி வைத்து வேலை செய்யலாம். தொழிற்சாலையில் வேலை பார்த்த பெரியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே, அவர்களைக் கேட்டுச் சரிபார்த்து, இந்தக் காரியத்தை இந்த ஆண்டே தொடங்கிவிட வேண்டும்.